நாலு மணித் தண்ணீர்

சென்னை ஜெயில்
1932 ஏப்ரல் 10, ஞாயிறு

அன்பு மருமகள் மதலேனுக்கு,

மணியடித்துச் சோறு போட்டு, தூங்கும்போது வாசலில் காவலும் நிறுத்தியிருக்கிற மாளிகையிலிருந்து உன் தாய்மாமன் சவரிராயன் எழுதுவது. உனக்குத் தேவமாதாவின் துணை உண்டாகட்டும்.

கோர்ட்டு வாசலில் நீ என் முகத்தைப் பார்க்காமல் போனாய். வெயிலுக்குக் கண் கூசியிருக்கும். மாமா இதையெல்லாம் மனசில் வைக்கிற ஆளா?

வந்த முதல் நாளே சூப்பரின்டெண்ட் துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பட்லரா?" என்றார். "எஸ் ஸார், அடையாறு பங்களாவில் பதினெட்டு வருஷம். என் கஸ்டர்டைச் சாப்பிட்டுவிட்டுக் கலெக்டர் துரை கண்ணீர் விட்டிருக்கிறார்" என்றேன். எழுந்து கை குலுக்காத குறைதான். இப்போது இந்த முற்றத்தில் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடப்பதில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் ராகிக் கஞ்சி, அது சூப்பு. பகலில் களி உருண்டை, அது புட்டிங். மேலே ஊற்றுகிற புளித்தண்ணி சாஸ். சாயங்காலம் சோறும் கீரையும். கீரையில் கொஞ்சம் மணல் கிடக்கும், மிளகுப்பொடி தூவினதாக வைத்துக்கொள்வேன். ஆளுக்கு ஒரு தகரத் தட்டு, ஒரு தகரக் குவளை, இரண்டு கம்பளி. கழுத்தில் மரச்சீட்டு ஒன்று, அதில் நம்பரும் விடுதலைத் தேதியும். நான் அதை மெடல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் போட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன் கபாலியும் என் முற்றத்தில்தான். தேங்காய் மட்டை அடிக்கிற வேலை. அச்சாபீசில் எழுத்துப் பொறுக்கின கை, முதலில் கொப்புளம் வந்தது. இப்போது கல் போல ஆகிவிட்டது. எனக்கும் அவனுக்கும் ஒரு வருஷம். கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும்.

மூன்று மாசத்துக்கு ஒரு கடுதாசிதான் விடுவார்கள். நீ மாத்திரம் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

உன் மாமா
சவரிராயன்


சாந்தோம், மயிலாப்பூர்
1932 ஏப்ரல் 24

மாமாவுக்கு மதலேன் எழுதுவது.

ஜெயிலர் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பாராம். படிக்கட்டும். எனக்குக் கண் கூசவில்லை. உங்களைப் பார்க்கப் பிடிக்காமல்தான் திரும்பிக்கொண்டேன்.

சிந்தாதிரிப்பேட்டைக் காபிக் கடையில் நீங்கள் சொன்னதைக் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் அப்படியே ஒப்பித்தார். "காங்கிரசு நோட்டீசு எல்லாம் எங்க கபாலி அச்சடிச்சதுதான். பத்தாயிரம்! நான்தான் சைக்கிள்ல கொண்டுபோய் ஊர் பூரா போட்டேன்." உங்களுக்குச் சைக்கிள் விடவே தெரியாது. அவர் அச்சடித்தது முந்நூறு. அதுவும் ஒரே ஒரு நாள், சினேகிதர் கேட்டாரென்று. பக்கத்து பெஞ்சியில் சாதா உடுப்பில் போலீசு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டால் உங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

கோர்ட்டில் அவர், "மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது, வெறும் பேச்சு" என்று சொல்லி உங்களைக் காப்பாற்றப் பார்த்தார். நீங்கள் எழுந்து நின்று, "எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை" என்றீர்கள். மாஜிஸ்திரேட்டே சிரித்தார்.

ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து கோயிலில் எனக்கு நன்மை அப்பம் கொடுப்பதில்லை. கடைசி வரிசையில் நின்று பூசை பார்த்துவிட்டு வருகிறேன். அதற்காக நான் அழவில்லை. வீட்டில் அவர் சட்டை ஆணியில் தொங்குகிறது, அதைப் பார்த்தால்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். களி அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? கூட்டாமல் எழுதுங்கள்.

மதலேன்


சென்னை ஜெயில்
1932 ஜூலை 17

அன்பு மதலேனுக்கு,

உன் காகிதம் வந்தது. படித்தேன். மாமாவைத் திட்ட உனக்கில்லாத பாத்தியதை யாருக்கு உண்டு?

இங்கே நான் வகிக்கிற உத்தியோகம் உனக்குத் தெரியாது. ஜெயில் ஆஸ்பத்திரிக்கு என்னை இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் வருவார், போவார். மற்றபடி எல்லாம் மாமாதான். (துடைப்பமும் கையில் உண்டு. அதை நான் கௌரவக் குறைவாக எண்ணுவதில்லை.) பெரிய கூடம், பன்னிரண்டு இரும்புக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஊட்டிக்குப் போகிறவர்கள் எதற்குக் காசைக் கரைக்கிறார்களோ! தண்ணீர் விஷயத்தில் மாத்திரம் கொஞ்சம் கட்டு. மூலையில் ஒரு மண்பானை. காலையில் ஒரு தரம் நிரப்புவார்கள், பிறகு நாலு மணிக்கு ஒரு தரம். நடுவில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

மாசத்தில் முதல் ஞாயிறு சுவாமியார் வந்து சாமான் கிடங்கில் பூசை வைக்கிறார். கிறிஸ்து வேதக்காரர் நாங்கள் பதினோரு பேர். கோணிமூட்டைகள் நடுவில் முழங்கால் போடுகிறோம். பாட்டுத் தொடங்குகிறது நான்தான். என் குரலைக் கேட்டு முஸ்லிம் கைதிகள்கூட வாசலில் வந்து நிற்கிறார்கள். தையல் வேலை செய்கிற ஷரஃபுதீன் பாய், "அண்ணே, நீ பாடறப்போ மூட்டைல இருக்கிற எலிகூட ஓடிடுது" என்று சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்.

சின்ன வயசில் உபதேசியார் சொல்லிக் கொடுத்த மந்திரமெல்லாம் எனக்கு இன்னும் பாடம். சாகக் கிடக்கிறவனுக்குச் சுவாமியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் உள்ளங்கைத் தண்ணீர் போதும். அவன் மனசு சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மாப்பிள்ளை தங்கமாக இருக்கிறான். என் பக்கத்திலேயே ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மட்டை அடிக்கிற வேலையிலிருந்து எப்படியும் அவனுக்கு ஒரு ஓய்வு வேண்டுமே.

உன் மாமா
சவரிராயன்


சாந்தோம்
1932 ஆகஸ்ட் 21

மாமா,

பக்கத்தில் கட்டில் என்றால் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அதை நேராக எழுத உங்களுக்கு என்ன?

வியாழக்கிழமை நானும் அவர் தங்கை சூடாமணியும் பார்க்க வந்தோம். மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்தோம். வாசலில் ஒருவன் நோட்டைப் புரட்டிவிட்டு, "கபாலியா? வயித்துக்கடுப்பு. எழுந்து நடக்க முடியாதவனைப் பார்க்க விடமாட்டோம்" என்றான். சூடாமணி கொண்டுவந்த மாவடுவைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னான். அவள் அதை அங்கேயே வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஞானஸ்நானத்தைப் பற்றி ஏதோ பேச்சுக்கு எழுதியிருந்தீர்கள். உங்கள் பேச்சு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் அழுது கேட்டேன். அவர், "உன்கூட கோயிலுக்கு வரேன், முட்டி போடறேன். ஆனா மனசுல இல்லாததைத் தலைல ஊத்திக்க மாட்டேன் மதலை. அது உன் சாமியையே ஏமாத்தறது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நீங்களும் தொல்லை கொடுக்காதீர்கள்.

அவர் எழுந்து உட்காருகிறாரா? என்ன சாப்பிடுகிறார்? ஒரு வரி போதும்.

மதலேன்


சென்னை ஜெயில்
1932 செப்டம்பர் 4, ஞாயிறு

என் கண்ணே மதலேன்,

ஆபீசிலிருந்து தபால் வந்திருக்கும். அதனால் சேதியை நான் திரும்ப எழுதவில்லை. சாவுக் காரியம் என்று ஜெயிலர் தனிக் காகிதம் கொடுத்தார்.

அழாதே. கேள். இந்த ஜெயில் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு சாவை யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை பகல். மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "மாமா, என்னை வேதத்தில் சேர்த்துவிடு" என்று தெளிவாகச் சொன்னான். சுவாமியாருக்கு ஆளனுப்ப நேரமில்லை. டாக்டர் தன் சொந்தப் பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்தார், ஓரத்தில் நீலப் பூ போட்டது. நான் மூன்று தரம் தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால் ஞானஸ்நானம் கொடுத்தேன். சூசை என்று பெயர் வைத்தேன். கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து கறுப்புத் தொப்பி போட்ட ஒரு வார்டர் சுவரில் சாய்ந்து அழுதான். வேப்பமரத்தில் ஒரு வெள்ளைப் புறா இருந்தது.

அன்று சாயங்காலமே நம் கோயில் நல்ல மரண சபைக்காரர் வண்டி கொண்டுவந்து, சிலுவை பிடித்து, கல்லறைத் தோட்டத்தில் மரியாதையாக அடக்கம் செய்தார்கள். நீ இனிமேல் அவன் பேரில் பூசை வைக்கலாம். உன் காலம் வரும்போது அவன் பக்கத்திலேயே படுக்கலாம். மாமா உனக்குச் செய்த கெடுதலுக்கு இதையாவது ஈடு என்று வைத்துக்கொள்.

சவரிராயன்


சாந்தோம்
1932 அக்டோபர் 9

மாமா,

உங்கள் காகிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. படிக்கும்போது நம்புகிறேன். மடித்து வைத்ததும் நம்ப முடியவில்லை.

ஜெயில் தபால் எனக்கு வெள்ளிக்கிழமை பகலில் கிடைத்தது. நானும் சூடாமணியும் ஓடி வந்தபோது வேதத்தில் சேர்ந்தவர் என்று முந்தின நாளே மண்ணில் வைத்துவிட்டார்கள் என்றார்கள். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் மயிலாப்பூர்ல பொறந்தவன். கொள்ளி வைக்க ஆள் இல்லாத அநாதையா அவன்? எவனைக் கேட்டுடி புதைச்சீங்க? அவன் மதம் மாறிக்குவானா? நீ பொண்டாட்டி, நீ சொல்லு!" அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நம் கோயில் சுவாமியாரிடம் போனேன். நவம்பர் இரண்டாம் தேதி மரித்தவர்கள் திருநாளில் பெயர் வாசிக்க வேண்டும், அதற்கு முன் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுத வேண்டும். கொடுத்தவர் கர்த்தர் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் பேரில் ஆணையிட்டு எழுதித் தர வேண்டும், அதில் நானும் மனைவி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று கேட்டார். சபைக்காரரிடம் நீங்கள் தகரக் குவளை என்றீர்களாம். என் காகிதத்தில் பீங்கான் கிண்ணம். சபைக்காரரிடம் அந்தோணி என்று பெயர் சொன்னீர்களாம். எனக்குச் சூசை.

எனக்கு அது பொய்யாக இருக்கக்கூடாது மாமா. அவர் பெயரைச் சுவாமியார் வாயால் கேட்க வேண்டும், அவர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. அதனால்தான் என் கையே எனக்குப் பயமாயிருக்கிறது. நீங்கள் ஆமாம் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

புறாவும் வெளிச்சமும் வேண்டாம். அவர் கேட்டாரா? நீங்கள் ஊற்றினீர்களா?

மதலேன்


1932 அக்டோபர் 23

மதலேன்,

ஷரஃபுதீன் பாய்க்கு நாளைக்கு விடுதலை. இதைச் சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வருகிறார். ஜெயிலர் கண்ணில் படாது. தாள் சின்னது.

அவன் கேட்கவில்லை. நான் ஊற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் கூட்டிப் பெருக்கி மலச்சட்டி எடுக்கிறவன். இன்சார்ஜ் இல்லை. அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன், அவன் அங்கே கிடந்ததால். ஏழு வாரம் கிடந்தான். கடைசியில் கஞ்சித்தண்ணிகூடத் தங்கவில்லை. ஆளைத் தூக்கினால் கம்பளியைத் தூக்குகிற கனம்தான்.

அன்றைக்கு எப்படியும் முடிந்துவிடும் என்று காலையிலேயே தெரிந்தது. பானையில் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று என் குவளையில் மொண்டு, தட்டால் மூடி, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். ஞானஸ்நானத்துக்கு. அவன் நினைவு தப்பின பிறகு ஊற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். உன்னை நரகத்துக்குப் போகாமல் காப்பாற்றுகிறேன் என்று அவன் தூங்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் பானை காய்ந்துவிட்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குவளையை எடுத்தேன். தட்டின் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்துவிட்டான். நல்ல நினைவு. குவளையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "மதலைக்காகடா" என்றேன். "ஊத்தட்டுமா?"

"தலைக்கு வேணாம் மாமா. வாய்க்கு ஊத்து" என்றான்.

உள்ளங்கை அளவு மிச்சம் வைத்திருக்கலாம் என்று நீ கேட்பாய். நானே கேட்டுக்கொண்டேன். அவன் குவளையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு குடித்தான். எனக்குப் பிடுங்க மனசு வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கேட்டுக்கு ஓடி வார்டர் காலில் விழுந்தேன். திரும்பி வந்தபோது போய்விட்டான்.

பிறகு குமாஸ்தா வந்தான். வீட்டுக்குத் தபால் போய் ஆள் வர நாளைக்கு ஆகும், அதுவரை வைக்க முடியாது, வைத்தியப் பள்ளிக்கூடத்தில் அறுத்துப் பார்க்கக் கேட்கிறார்கள், அனுப்பிவிடலாம் என்றான். அவனை அறுப்பார்கள் என்றதும், "இவன் வேதக்காரன், நான்தான் ஞானஸ்நானம் கொடுத்தேன், எங்கள் சபைக்குச் சொல்லியனுப்பு" என்று கத்தினேன். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். உடம்பு முழுசாக மண்ணுக்குப் போனது. அது மாத்திரம் நிஜம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு எழுத உட்கார்ந்ததும் கிண்ணம் வந்தது, புறா வந்தது. என் வாய்தான் அவனை இங்கே கொண்டுவந்தது மதலேன். முந்நூறைப் பத்தாயிரம் ஆக்கினேன். அவன் ஒரு தரம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இந்த மாசம் பூசைக்கு ஜெயில் சுவாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மருமகளுக்கு நிஜத்தை எழுது, அதுதான் உனக்குத் தபசு" என்றார். கையெழுத்துப் போடாதே.

சவரிராயன்


சாந்தோம்
1932 நவம்பர் 3

மாமா,

பாய் வந்து காலரைப் பிரித்துக் கொடுத்தார். வாசலில் நின்றபடியே படித்தேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இதை ஜெயில் பூசைக்கு வருகிற சுவாமியார் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஜெயிலர் கண்ணில் படாது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் சூடாமணி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தப் போனவளிடம் வாசலிலேயே படித்துக் காட்டினேன். தலைக்கு வேண்டாம் வாய்க்கு ஊற்று என்ற இடத்தில் அவள் கதவை விட்டுவிட்டாள். "அதான்டி எங்க அண்ணன்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் விழுந்து அழுதாள். "அறுக்க விடாம வெச்சானே உங்க மாமன், அந்தப் பொய்க்கார மனுசன்" என்றாள்.

சுவாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மரித்தவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார். கல்லறை மேலிருந்த சிலுவையையும் எடுத்துவிடச் சொன்னார். உடம்பை எடுக்கச் சொல்லவில்லை. நான் வாசல் வரை வந்த பிறகு திரும்பக் கூப்பிட்டு, "இருந்த குவளையை முழுக்கக் கொடுத்தானா?" என்று கேட்டார். கொடுத்தார் என்றேன். போ என்று கையைக் காட்டினார்.

நேற்று பூசையில் மரித்தவர்கள் பெயரெல்லாம் வாசித்தார்கள். கடைசி வரிசையில் நின்று முடிவு வரைக்கும் கேட்டேன். பிறகு சூடாமணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சுவரோரம், அவர் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். கிளறி எடுத்துக்கொண்டுபோய் எரிக்கலாமா என்று அவளைக் கேட்டேன். "கிடக்கட்டும், அலைஞ்சது போதும்" என்றாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். மேட்டின் மேல் ஊற்றினாள். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் எழுத மாட்டேன். ஆனால் மார்ச் மாசம் வெளியே வரும்போது வேறு எங்கும் போகாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள்.

ஒன்று மாத்திரம் கேட்க வேண்டும். குடித்த பிறகு அவர் ஏதாவது சொன்னாரா?

மதலேன்


சென்னை ஜெயில்
1933 ஜனவரி 15

மதலேன்,

அடுத்த காகிதம் கொடுக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அதற்குள் இதற்கு நூறு பதில் மனசில் எழுதிப் பார்த்துவிட்டேன். உன் பெயரைச் சொன்னான் என்று எழுதக் கை துடிக்கிறது. சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி கீதா மாமா?" என்றான்.

"நாலு மணிக்கு வரும்" என்றேன்.

"சரி" என்றான்.

சவரிராயன்